எல்லாச் சாமி வீட்டுக்கும் ஒரே ஊசி

கிராம சுகாதார நர்ஸ் வேலைக்கு வருகிறவளுக்குப் படிப்பு இரண்டாவதுதான். முதலில் நாயைக் கண்டு ஓடாத கால் வேண்டும். வாசல் வாசலாக ஏறி இறங்கிப் பிழைக்கிற உங்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கும். நீங்கள் கணக்கெடுக்கப் போகும் டீச்சரோ, இன்சூரன்ஸ் ஏஜென்டோ, சிலிண்டர் தூக்குகிறவரோ, யாராக இருந்தாலும் சரி. எனக்குக் கூடுதலாக ஒரு தொல்லை உண்டு. ஜனங்கள் முதலில் என் நெற்றியைப் பார்ப்பார்கள், பிறகு கழுத்தை. பொட்டா, சிலுவையா, நான் எந்த வீட்டுப் பெண் என்று பிடிபட்ட பிறகுதான் குடிக்கத் தண்ணீர் வருமா வராதா என்பது முடிவாகும். புதுக்கோட்டை மாவட்டத்தில் வடக்கே குளத்தூர்ப் பக்கம், கிழக்கே கடற்கரைப் பக்கம் என்று மாறி மாறி வேலை பார்த்தவள் நான். குறை சொல்ல உட்கார்ந்தால் பொழுது போதாது. நான் பார்த்து அசந்துபோனவர்களை மட்டும் சொல்கிறேன்.

சாத்திய ஜன்னல்

கடலோரத்தில் ஓர் ஊர். ஆண்களில் பாதிப் பேர் கடலில், மீதிப் பேர் வளைகுடாவில். நஸ்ரின் என்ற பெண்ணுக்கு அப்போது முதல் கர்ப்பம். உடம்பில் ரத்தம் மிகக் குறைவு; கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்துக் கிடந்தது. அந்த நேரம் பார்த்து நோன்பு மாதம். "ஊரே நோம்பு பிடிக்குது, நான் மட்டும் எப்படிக்கா சாப்பிடுறது?" என்று தலையைக் குனிந்துகொண்டாள். அவள் மாமியார் ஜமீலா ஐந்து வேளையும் தவறாமல் தொழுகிறவர். அவரிடம் எப்படிப் பேச்செடுப்பது என்று மறுநாள் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

ஒத்திகை வீண். நான் போனபோது அந்த அம்மா அடுப்படி ஜன்னலைச் சாத்திவிட்டு, மருமகளை உட்காரவைத்து, சோற்றையும் ஈரல் வறுவலையும் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு நோன்பு, உப்புக்கூடப் பார்க்காமல் வறுத்திருக்கிறார். தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து மருமகள் கூச்சப்படக் கூடாது என்றுதான் ஜன்னலைச் சாத்தினாராம். நஸ்ரினுக்குக் கண்ணில் நீர் கோத்திருந்தது, ஆனால் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். பெருநாள் கழிந்து பிறந்த பெண் பிள்ளை நல்ல எடை. விட்டுப்போன நோன்பைப் பிறகு பிடித்து ஈடு செய்வதை அவர்கள் களா என்பார்கள். அன்று அந்த அம்மா கவளத்தை உருட்டிக்கொண்டே சொன்னார்: "நோம்பக் களாவாப் பிடிச்சுக்கலாம்மா, மார்க்கத்துலயே எடம் இருக்கு. புள்ளையக் களாவாப் பெத்துக்க முடியுமா?"

படி இறங்கியவள்

கறம்பக்குடியிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். தடுப்பூசி முகாமை வழக்கமாக அம்மன் கோயில் மண்டபத்தில் போடுவோம். நிழல் உண்டு, ஃபேன் உண்டு. காலனியிலிருந்து வரும் தாய்மார்கள் மட்டும் படியேற மாட்டார்கள். ஊர்க்காரர்கள் ஏறவும் விட மாட்டார்கள். பிள்ளையை முந்தானையால் மூடிக்கொண்டு வெயிலில் நிற்பார்கள். உள்ளே எல்லோருக்கும் முடிந்த பிறகு நான் வெளியே போவேன். அதற்குள் பாதிப் பேர் கூலி வேலைக்கு நேரமாச்சு என்று திரும்பியிருப்பார்கள். ஊசி தவறுவதும் அந்தப் பிள்ளைகளுக்குத்தான், அம்மை வார்த்துக் கிடப்பதும் அந்தப் பிள்ளைகள்தான். கோயில் சமாச்சாரத்தில் நர்ஸ் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஒருநாள் கோயில் தர்மகர்த்தாவின் மருமகள் சத்யா மடியில் பிள்ளையோடு முதல் ஆளாக உட்கார்ந்திருந்தாள். வெளியே ஒரு கைக்குழந்தை வெயிலில் துவண்டு தாயின் தோளில் கிடந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், சட்டென்று எழுந்து படியிறங்கினாள். எதிரே இருந்த வேப்பமரத்தடிக்குக் காலனிப் பெண்களைக் கூப்பிட்டு, அவர்களுக்கு நடுவில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். "அக்கா, எம்புள்ளைக்கு இங்கிட்டு வந்து போடுங்க" என்றாள். மாமனார் மண்டபத்தில் நின்று முறைத்தார். அவள் நிமிரவில்லை. பெரிய வீட்டு மருமகளே இறங்கிய பிறகு மற்றவர்கள் மேலே உட்கார்ந்திருப்பது எப்படி? ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். மேசையைத் தூக்கிக்கொண்டு நானும் இறங்கினேன். அதன் பிறகு முகாம் பள்ளிக்கூட வராந்தாவுக்கு மாறியது. காலனிப் பிள்ளைகள் ஊசி தவறுவது நின்றது. அன்றைக்கு வீட்டில் என்ன நடந்தது என்று சத்யாவிடம் பிறகு கேட்டேன். "மூணு நாளு யாரும் எங்கூடப் பேசலக்கா. வீடு நிம்மதியா இருந்துச்சு."

வாத்தியாரின் முடிவு

ஆவூர்ப் பக்கம் ஆரோக்கியசாமி என்று ஒரு வாத்தியார். ஞாயிறு பூசை தவறாதவர், மாதா கோயிலில் வேத வாசகம் வாசிக்கிறவர். மனைவி செலினுக்கு இதயத்தில் கோளாறு. இரண்டாவது பிரசவத்தில் அவள் பிழைத்ததே பெரிய விஷயம். இன்னொரு பிள்ளை உண்டானால் உயிருக்கு ஆபத்து, அவளுக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்வதும் லேசில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆண்களுக்கு அது சின்ன வேலை என்று நான் சொல்லாத வீடில்லை. எந்த மதத்துக்காரரானாலும் அந்தப் பேச்சை எடுத்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். வாத்தியாருக்கோ அதற்கு மேலும் ஒரு சிக்கல்: அவருடைய திருச்சபை எந்தக் கருத்தடையையும் ஒப்புக்கொள்வதில்லை. நான் பாதி சொல்லி நிறுத்திக்கொண்டேன். அவர் சுவரில் இருந்த மாதா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் அவரே என்னைத் தேடி வந்தார். சரியாகத் தூங்கவில்லை என்று முகம் சொல்லியது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வாசலில் நின்று, மனசு ஒப்பவில்லை என்றால் இன்னும் யோசிக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். "யோசிச்சுட்டேன் சிஸ்டர். பாவசங்கீர்த்தனத்துல முழங்கால் போட்டு மன்னிப்புக் கேக்கப்போறது நான். அவ கத்திக்கு முன்னாடி படுக்க வேணாம்."

டீக்கடை விவாதம்

மாதாந்திரக் கூட்டம் முடிந்து குளத்தூர் டீக்கடையில் நாங்கள் நர்சுகள் சிலர் நின்றிருந்தோம். எந்த மதத்துக்காரர்கள் உடம்பை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று பேச்சு வந்தது. கிறிஸ்தவ ஊர்களில் படித்த பெண்கள் அதிகம், சொன்னால் கேட்பார்கள் என்றாள் ஒருத்தி. பிள்ளை பெற்றவளைக் கவனிப்பதில் முஸ்லிம் வீடுகளை அடிக்க ஆளில்லை என்றாள் இன்னொருத்தி. இந்துக்கள் நாங்கள் மட்டும் என்ன குறைச்சல் என்று மூன்றாவது குரல் ஏறியது. பஸ்ஸே போகாத ஊர்களில் நெடுங்காலம் நடந்து வேலை பார்த்த வசந்தா அக்கா டம்ளரைக் கீழே வைத்தார்: "எந்தச் சாமியும் கொறச்சல் இல்லடி. பஸ் நிக்கிற ஊருச் சாமி கொஞ்சம் நல்லாக் காப்பாத்துது, அம்புட்டுத்தான்."

ஜெபவீட்டுத் தண்ணீர்

அன்னக்கிளி நடவு வேலைக்குப் போகிறவள், காலனிக்காரி, புருஷன் இல்லை. காசநோய் மாத்திரையை நடுவில் நிறுத்திவிட்டாள். அப்போதுதான் அவள் புதிதாக ஒரு ஜெபவீட்டுக்குப் போக ஆரம்பித்திருந்தாள். ஜெபத்திலேயே சுகமாகிவிடும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள் என்று முடிவு கட்டி, சண்டை போடுகிற வேகத்தில் அங்கே போனேன். பாஸ்டர் தாவீது வார நாளில் பெயின்ட் அடிக்கப் போகிறவர். கையெல்லாம் சுண்ணாம்போடு திகைத்து நின்றார். "நான் நிறுத்தச் சொல்லலியேம்மா" என்று என்னோடு அவள் வீட்டுக்கே கிளம்பி வந்தார்.

அன்னக்கிளி எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்துப் பேசினாள். "மாத்திரை போட்டா பசிக்குது நர்சம்மா. கெடக்கிற சோறு புள்ளைகளுக்கே பத்தல. பசிய நான் எங்கிட்டுக் கொண்டுபோய் வைக்கிறது?" பாஸ்டர் அதை அப்படியே சபையில் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெபவீட்டுப் பெண்கள் கூடி முறை வைத்துக்கொண்டார்கள். எல்லோரும் கூலிக்காரர்கள்தான். இருந்தும் தினம் ஒரு வீட்டிலிருந்து அவளுக்கும் பிள்ளைகளுக்கும் சோறு போனது. அன்னக்கிளியின் பக்கத்து வீட்டுப் பெண் கோழி வளர்ப்பவள், வருஷம் தவறாமல் மாரியம்மனுக்குப் பால்குடம் எடுக்கிறவள். அவளும் தன் பங்குக்கு முட்டை அவித்துக் கொடுத்தாள். பாஸ்டர் காலையில் வேலைக்குப் போகும் வழியில் நின்று, தண்ணீர் மொண்டு கொடுத்து, அன்னக்கிளி மாத்திரையை விழுங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார். சிகிச்சை முழுதாக முடிந்து, இருமல் நின்று, அவள் மறுபடி நடவில் இறங்கியதை நானே வரப்பில் நின்று பார்த்தேன். சந்தோஷம் தாங்காமல் பாஸ்டரைப் புகழ்ந்தபோது அவர் கையெடுத்துத் தடுத்தார். "சொகம் குடுத்தது ஆண்டவரு, மாத்திரை குடுத்தது கவர்மென்டு, முட்டை குடுத்தது மாரியாயி கும்பிடுற அந்த அக்கா. நான் தண்ணி மட்டுந்தான் குடுத்தேன்."

பெரியவர்களுக்கு மதம் எத்தனை இருந்தாலும் சரி, என் ஊசிப் பையைக் கண்டதும் வீறிட்டு அழுகிற விஷயத்தில் எங்கள் மாவட்டத்துக் குழந்தைகள் அத்தனை பேரும் ஒரே மார்க்கந்தான்.