காப்புக் கட்டிய கை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். பிரசவ விஷயம், அதுவும் எங்கள் வீட்டு விஷயம். நானும் எட்டாவதோடு நின்றவள். அம்மன்தான் எழுத வைக்கிறாள் என்று எழுதுகிறேன்.

ஆரணியில் எங்கள் நெசவாளர் தெருவில் பாதிப் பேர் என் பெரியம்மாவின் கையில் பிறந்தவர்கள். எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது சுகாதார நர்ஸ் வந்து, இனி பிரசவம் பார்க்கக் கூடாது என்று அவளிடம் சொன்னார்.

“சட்டப்படி மருத்துவச்சின்னா அதுக்குப் படிச்சி, நர்ஸிங் கவுன்சில்ல பேரு பதிஞ்சிருக்கணும்மா.”

“இத்தினி வருசம் பாத்தேனே, அப்ப நான் யாரு?”

“தெருவுக்கே பெரியம்மா. ஆனா மருத்துவச்சி இல்ல. ரத்தம் நிக்கலன்னா போட உங்ககிட்ட ஊசி இருக்கா?”

மறுநாள் பெரியம்மா அப்பாவின் தறியிலிருந்து ஒரு பட்டு இழையை வாங்கி, மஞ்சளில் தோய்த்து, அம்மன் கோயிலில் காப்பாகக் கட்டிக்கொண்டு வந்தாள். “இந்தக் கை சும்மா இருக்காது. அதான் அவகிட்ட ஒப்படைச்சிட்டேன்” என்றாள். காப்புக் கட்டியவர்கள் பிரசவ அறையின் படி தாண்டுவதில்லை, எங்கள் பக்கத்து வழக்கம்.

கொஞ்ச நாளில், மாசமாக இருந்த அம்மாவுக்கு நாள் நெருங்குமுன்பே வலி கண்டுவிட்டது. நடுப்பகல். அப்பா தறிக்குழியிலிருந்து எழுந்து ஓடி வந்தார்.

“அண்ணி, உள்ள போங்க! கால்ல விழறேன்.”

“விழற நேரத்துல சைக்கிள எடு தம்பி. நர்ஸம்மா பக்கத்துத் தெருவுல ஊசி போட்டுகினு இருக்காங்க. ஜல்தியா போ!”

உள்ளே அம்மா “அக்கா, அக்கா” என்று கதறினாள். பெரியம்மா நிலைப்படிக்கு வெளியே உட்கார்ந்து, “இங்கதான்டி இருக்கேன், மூச்ச வுடு” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கைகள் இரண்டும் முந்தானைக்குள். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு நூலை அறுக்க எவ்வளவு நேரம் ஆகும்?

நர்ஸம்மா வந்தார். தம்பி பிறந்தான். ஆனால் அம்மாவுக்கு ரத்தம் நிற்கவில்லை. நர்ஸம்மா ஊசி போட்டு, வயிற்றை விடாமல் அழுத்தினார். ரத்தம் மட்டுப்பட்டதும் வாடகைக் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். வயிற்றை அழுத்திய நர்ஸம்மாவின் விரல்களைப் பார்த்து, தீபாராதனையில் நிற்பதுபோல நான் கும்பிட்டபடியே நின்றிருந்தேன்.

சாயங்காலம் அப்பா வந்து, அம்மா கண் விழித்துவிட்டாள் என்றார். “ஊசி இல்லன்னா போயிருப்பாளாம் அண்ணி.”

பெரியம்மா எழுந்து குழாயடிக்குப் போனாள். பிரசவம் பார்த்துவிட்டு வரும்போதெல்லாம் செய்வதுபோல, சீயக்காய் போட்டு முழங்கைவரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். எதையும் தொடாத கையை ஏன் கழுவுகிறாள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

சொந்தக்காரர்கள் இப்போது, பெரியம்மாதான் பிள்ளையை எடுத்தாள் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். படிக்கிற நீங்கள் நாலு பேரிடம் சொன்னால் அப்படி மாற்றிவிடாதீர்கள். அவள் எடுக்கவில்லை. எடுக்காமல் இருந்தாள். அப்படியே சொல்லுங்கள்.