பவானிபூர் பைலட்

இன்று எங்கள் கொல்கத்தா பவானிபூர் குடியிருப்பின் மேல்மாடி மூர்த்தி வீட்டுக்குக் கூப்பிட்டார். உலகப்போர் காலத்து விமானத்தின் காக்பிட்டை வீட்டிலேயே கட்டியிருக்கிறாராம்.

கட்டியிருந்த அழகு இதுதான்: மர நாற்காலி, அம்பாசிடர் கார் கியர் கம்பி, அதன் தலையில் கரியாஹாட் நடைபாதையில் வாங்கிய சைக்கிள் கைப்பிடி. எதிரே டி.வி.யில் கம்ப்யூட்டர் விளையாட்டு விமானம்.

"எல்லாம் அசல் மாதிரியே இருக்கும், சார்!"

கம்பியை இழுத்து, "மேலே! மேலே!" என்று கத்தினார். விமானமும் ஏறியது.

பிறகுதான் கவனித்தேன். கம்பியிலிருந்து ஓர் ஒயர்கூட எங்கும் போகவில்லை. நாற்காலிக்குப் பின்னால் அவர் மனைவி ஸ்டூலில் உட்கார்ந்து, அவர் கத்துவதற்கேற்பக் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"பால் பொங்குதுங்க" என்று அந்த அம்மாள் சமையலறைக்கு ஓடினார். விமானம் தரையில் மோதியது.

"ஒனக்கு ஓட்டவே தெரியலடி!" என்றார் பைலட்.

அந்தக் காக்பிட்டில் அசலாக இருந்தது இந்தக் கத்தல் ஒன்றுதான்.

உங்கள் வீட்டு பைலட் எப்படி?