சலித்துக் கொட்டிய மண்ணில் ஒரு சிவப்புக் கல்

பர்மாவில் குண்டு விழுந்து, நம்மவர்கள் காடும் மலையுமாக நடந்தே ஊர் திரும்பிய வருடம் அது. உசிலம்பட்டிக்கு அருகே, என் கணவரின் கிராமத்தில் இருந்தோம். மாணிக்கச் சுரங்கத்தில் மண் வெட்டப் போயிருந்த என் அண்ணன், எலும்பும் தோலுமாக எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். பெற்றோரும் போய்விட்ட பிறகு அவருக்கு வேறு போக்கிடம் இல்லை.

இடுப்பிலிருந்த சிறு முடிச்சை அவர் ஒருபோதும் அவிழ்ப்பதில்லை. யாராவது அருகில் போனால் கை தானாக அங்கே போய்விடும். ஒருநாள் வைக்கோல் கட்டைத் தூக்கும்போது அது நெகிழ்ந்து, மாதுளை முத்துப் போன்ற ஒரு சிவப்புக் கல் என் கணவரின் காலடியில் விழுந்தது. அண்ணன் பதறி எடுத்துக்கொண்டார்.

சுரங்க வாசலில் கூலிகளின் வாயைத் திறந்துகூடச் சோதிப்பார்கள் என்று கணவர் மதுரை சிம்மக்கல் கடைகளில் கேள்விப்பட்டிருந்தார். அன்று முதல் வீட்டில் பேச்சு குறைந்தது. தெருவில் காக்கிச் சட்டை தெரிந்தால் கதவு சாத்தப்படும். நான் சோற்றை வைத்துவிட்டு, அண்ணனின் முகத்தைப் படிக்க முயன்று தோற்பேன்.

கடைசியில் கணவர் பொறுமையிழந்தார்.

"மச்சான், போலீஸு வந்தா வெலங்கு ஒங்களுக்கு மட்டுமா? வீட்ல வச்சிருந்த எனக்குந்தான். நெசத்தச் சொல்லுங்க, இல்லன்னா பொழுது சாயுமுன்ன கெளம்புங்க."

"களவு இல்ல மாப்ள."

"அப்ப, மொதலாளி தாம்பூலத்துல வச்சுக் குடுத்தானாக்கும்!"

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "சலிச்சுக் கொட்டுன மண்ணப் பொம்பளைக மட்டுந்தான் கெளறலாம் தாயி. அவுக கைக்கு அம்புடுறது அவுகளுக்கே சொந்தம். அந்தூரு வழக்கம் அது. இது அவ பொறுக்குனது."

"யாருண்ணே?"

"எம் பொண்டாட்டி. அந்தூருக்காரி. சாதிசனம் என்ன சொல்லுமோன்னு ஒங்களுக்கு எழுதல. நடந்து வாரப்ப, வழியில காய்ச்சல்ல..."

அவர் கை இடுப்பு முடிச்சைப் பற்றிக்கொண்டது.

கணவர் எழுந்து கிணற்றடிக்குப் போனார். நெருங்கிய உறவின் சாவுச் செய்தி கேட்டால் தலை முழுகுவது எங்கள் வழக்கம். அவர் வாளி நீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டதைப் பார்த்த பிறகுதான் அண்ணன் வாய்விட்டு அழுதார்.

கண்டிராத மதனிக்காக அன்று நானும் தலை முழுகினேன். இன்றும் ஒருவர் எதையோ மறைக்கிறார் என்று தோன்றினால், அது களவாகத்தான் இருக்க வேண்டுமா, துக்கமாகவும் இருக்கலாமே என்று ஒரு கணம் நின்றுவிடுகிறேன்.