ஏழு சிறகிக் குஞ்சுகளும் ஒரு ஃபோர்க்லிஃப்டும்

கெலுகோர் வீட்டு ஸ்டோர் ரூமை ஒழித்தபோது பழைய மஞ்சள் ஹெல்மெட் ஒன்று கையில் அகப்பட்டது. முகர்ந்து பார்த்தேன். ஏன் என்று கேட்காதீர்கள், எதையும் முகர்ந்து பார்ப்பது என் கெட்ட பழக்கம். வேர்வை, கிரீஸ், அவற்றுக்கடியில் எங்கோ ஒரு சேற்று வாடை. அவ்வளவுதான், புக்கிட் தெங்கா நினைவுக்கு வந்துவிட்டது.

அங்கே ஒரு தொழிற்சாலையில்தான் என் முதல் வேலை. பின்புறம் லாரிச் சாலை. தாண்டினால் ஆம்பல் மூடிய குட்டை. அதில் சீழ்க்கைச் சிறகிகள், பழுப்பு நிறக் காட்டு வாத்துகள். இரவெல்லாம் வயலில் மேய்ந்துவிட்டு, விடியும்போது விசிலடித்தபடி திரும்பும். "நம்ம நைட் ஷிப்ட் ஆளுங்க வந்துட்டாங்கலா" என்பார் எங்கள் லைன் லீடர் சரசு அக்கா, ஊர் வழக்கப்படி ஒரு 'லா' சேர்த்து. வாத்தென்றால் புல்லில்தான் முட்டையிடும் என்று நம்பிய கூட்டம் நாங்கள்.

ஒருநாள் காலை வேலைக்கு வருகிறோம், பின்வாசலில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தடியில் ஏழு குஞ்சுகள், எலுமிச்சம்பழ அளவில். மேலே ஒரு பொந்து. "ஐயோ, விழுந்துடுச்சுங்க!" என்றேன். ஏழையும் ஹெல்மெட்டில் அள்ளினேன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் காசிம் அண்ணன் என்னைப் பலகையில் நிற்கவைத்து உயர்த்தினார். எந்தப் பாதுகாப்பு விதியிலும் இதற்கு இடமில்லை. ஒவ்வொன்றாய்ப் பொந்துக்குள் விட்டுவிட்டு வீராங்கனையாய் இறங்கினேன்.

தொப்! பஞ்சுருண்டை போல ஒன்று விழுந்து, எழுந்து, நடந்தது. தொப்! இன்னொன்று. மறுபடி அள்ளினேன், மறுபடி ஏறினேன்.

"தங்கச்சி, நீ உள்ள வுடுறியா, வெளிய தள்ளுறியா?" என்றார் காசிம் அண்ணன்.

அப்போதுதான் குட்டையிலிருந்து அந்த விசில். அம்மாவோ அப்பாவோ, சிறகிகளில் ஆண் எது பெண் எது என்று பார்த்துச் சொல்ல முடியாது. குஞ்சுகள் அத்தனையும் அந்தப் பக்கம் திரும்பின.

"அடியே, விழலடி, குதிக்குதுங்க! அங்க கூப்புடுறாங்க, நீ புடிச்சுப் புடிச்சு அடைக்கிற!" என்று கத்தினார் சரசு அக்கா.

குஞ்சுகள் சாலையை நோக்கி நடந்தன. எதிரே கன்டெய்னர் லாரி. சரசு அக்கா சீருடையோடு நடுச்சாலையில் போய்க் கைகளை விரித்தார். டிரைவர் ஹாரன் அடித்துத் தீர்த்தார்.

"அக்கா, லேட்டாச்சுலா!"

"புள்ளைங்க போவுதுல்ல? இருலா!"

ஆறு கடந்துவிட்டன. ஏழாவது மட்டும் சாலையோரக் கல்லில் ஏற முடியாமல் சறுக்கிச் சறுக்கி விழுந்தது. நல்ல வேளை, இம்முறை நான் அதைத் தொடவில்லை. ஒரு எம்பு எம்பி ஏறித் தண்ணீரில் இறங்கியது. லைன் முழுக்க அன்று லேட்.

பின்னாளில் அந்தக் குட்டையை மண்ணடித்து மூடிக் கிடங்கு கட்டிவிட்டார்கள். மரம் இருக்கிறது. பொந்தில் இப்போது மைனாக்கள். குதித்து இறங்கித் தண்ணீர் தேடிப் போகவேண்டியிராத பறவைகள்.