சாக்கில் கட்டிய சாட்சியம்

அந்தச் சாக்குகளின் வாயை இறுக்கிக் கட்டியவன் நான்தான். ஒவ்வொன்றிலும் எங்கள் நீதிமன்றத்தின் சுருக்கெழுத்துக் குறிப்பேடுகள். வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்துவிட்டது, அறையில் இடமில்லை, கரையான் ஏறுகிறது என்றார் பதிவதிகாரி. அழிக்கப்போகும் ஏடுகளின் பட்டியலில் சாட்சிக் கையெழுத்துப் போட ஓர் ஆள் வேண்டியிருந்தது. மொழிபெயர்ப்பாளனான நான் அன்று சும்மா உட்கார்ந்திருந்தேன். படித்துக்கூடப் பார்க்காமல் போட்டேன்.

அவற்றை எழுதியவரை நாங்கள் ஸ்டெனோ அக்கா என்றே அழைப்போம். செமிலிங் ஊரிலிருந்து பஸ் ஏறி வருவார். சாட்சி பேசும்போது நிமிர்ந்தே பார்க்க மாட்டார். பென்சில் மட்டும் ஓடும். மாஜிஸ்திரேட் தம் கையால் எழுதிக்கொள்வது சாரத்தைத்தான். சாட்சி தடுமாறியதும் பேச்சை மாற்றியதும் அக்காவின் கோடுகளில் மட்டுமே இருந்தன. யாராவது கேட்டால்தான் அவை தட்டச்சாகும். மற்றவை கோடுகளாகவே கிடக்கும். சாக்குகள் கட்டப்படுவதற்கு முன்பே, ஓய்வு பெறுவதற்கு முந்தின வாரம், அவர் பதிவதிகாரியின் மேசை முன் போய் நின்றார்.

“டைப் பண்ணாத புக்கை மட்டும் அழிச்சிடாதீங்க சார். உசுரு போன கேஸெல்லாம் அதுல இருக்கு. நானே வந்து சும்மா டைப் பண்ணித் தரேன்.”

“ரூல்ஸ் அப்படிலா, அக்கா. நான் என்ன செய்ய?” என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அக்கா எந்த வழக்கை மனத்தில் வைத்துச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். பீடோங் பக்கத்துத் தோட்டமொன்றின் செம்பனை எண்ணெய் ஆலையில், கழிவுத் தொட்டிக்குள் இறங்கிய தொழிலாளி விஷவாயுவில் மூச்சடைத்து இறந்துபோனார். மரண விசாரணையில் அவரை வேலை வாங்கிய மண்டோர் என்ற கங்காணி, “வேணாம்னு சொன்னேன், கேக்காம எறங்கிட்டாரு” என்றார். மாஜிஸ்திரேட் திரும்பக் கேட்டதும் அவர் தலை கவிழ்ந்தது. “நான்தான் எறங்கச் சொன்னேன். மேனேஜர் அவசரப்படுத்துனாரு.” அதை மலாயில் சொன்னது என் வாய். தோட்டத்து வழக்கறிஞர் எழுந்து இரண்டு கேள்வி கேட்டதும் மண்டோர் பழைய பேச்சுக்கே திரும்பிவிட்டார். எச்சரிக்கையை மீறி இறங்கியதால் நேர்ந்த விபத்து என்று முடிவாயிற்று. மாஜிஸ்திரேட்டின் குறிப்பில் அந்த நடு வாக்கியம் இல்லை.

அப்போது கைக்குழந்தையாக இருந்த, இறந்தவரின் மகள், வளர்ந்து, தொழிற்சாலை வேலைக்கும் போன பிறகு, விசாரணையை மறுபடி திறக்கக் கேட்டு வந்தாள். சாக்குகள் போய் இரண்டே மாதம் ஆகியிருந்தது. நடந்ததை மறைக்காமல் சொல்லி, அவளை அக்காவிடம் அழைத்துப் போனேன். அக்கா என்னைத் திட்டவில்லை. மண்டோர் சொன்னதை வார்த்தை பிசகாமல் சொன்னார். இருவரும் சத்தியப் பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுத்தோம்.

மனு தள்ளுபடியாயிற்று. இத்தனை ஆண்டுக்குப் பிந்திய ஞாபகத்தை ஏற்க முடியாதாம். எழுத்தில் ஆதாரம் வேண்டுமாம். எழுத்து இருந்ததே ஐயா! அதை அழித்தது யார்? வெளியாள் எவனும் வந்து திருடிப் போகவில்லை. அழித்தவர்களே ஆதாரம் எங்கே என்று கேட்கிறார்கள். விசாரணையின் முடிவை மட்டும் நிரந்தரமாக வைத்திருக்கிறார்கள். அது எதைக் கேட்டு எழுதப்பட்டதோ அந்தப் பேச்சுக்குத்தான் காலக்கெடு. முடிவு எத்தனை காலம் இருக்குமோ, அத்தனை காலம் குறிப்பும் இருக்க வேண்டும். இதைச் சொல்ல சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. மண்டோரும் செத்துப்போனார்; இனிப் போய்க் கேட்கவும் ஆளில்லை.

தள்ளுபடிக் கடிதத்தை நீதிமன்ற வாசலிலேயே நின்று மகள் இரண்டு முறை படித்தாள்.

“அப்போ எங்கப்பா இன்னும் சொன்ன பேச்சு கேக்காம செத்தவருதானா, அங்கிள்?”

“இல்லம்மா” என்றேன். என் சொல்லுக்கு அந்தக் கட்டடத்துக்குள் ஒரு மதிப்பும் இல்லை என்று அவளுக்கும் தெரியும். கடிதத்தை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, வெயிலில் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.