தெளியக் கூடாத தண்ணீர்

நான் ஆராய்ச்சி செய்வது சேற்றுத் தண்ணீரை. தண்ணீரில் மிதக்கும் களிமண் துகள்களில் எவ்வளவு மின்னேற்றம் இருக்கிறது, அந்தக் கலவை எவ்வளவு தடிப்பாக ஓடுகிறது என்று அளப்பது. என் மாமியாருக்கு இதெல்லாம் சிரிப்பு. "சேத்துத் தண்ணியப் பாக்க கெம்பஸ் போகணுமா? கலஹாவுல மழ பேஞ்சா எங்க தோட்டத்து லயத்து வாசல்லயே கெடக்குமே" என்பார். ஆனாலும், நான் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு பஸ் ஏறும் நாளெல்லாம் என் பிள்ளையைப் பார்த்துக்கொண்டது அவர்தான்.

போன வருடம் வேலைநிறுத்தத்தில் ஆய்வுகூடத்தை மூடிவிட்டார்கள். கலக்கிய களிமண் தண்ணீரை ஒரு போத்தலில் அம்பிட்டிய வீட்டுக்கே கொண்டுவந்து அலுமாரி மேல் வைத்தேன். இரண்டு வாரம் அசையாமல் இருந்தும் அது கலங்கலாகவே நிற்க வேண்டும். திங்கட்கிழமை ஒரு நாள் மட்டும் ஆய்வுகூடத்தைத் திறந்து, அளக்கும் கருவியை எனக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதை விட்டால் பட்ட ஆய்வை முடிக்கக் கிடைத்த கடைசிக் கெடுவும் போய்விடும்.

முதல் நாள் ஞாயிறு மாலை டவுனுக்குப் போய் வந்து பார்க்கிறேன், மேலே சுத்தமான தண்ணீர், அடியில் மண்.

"யாரு மாமி இதத் தொறந்தது?" எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். குரல் உயர்ந்துவிட்டது.

"நான்தான் புள்ள. நாளைக்கு முக்கியமான நாளுன்னியே. மந்திரிச்ச தீர்த்தம் விட்டேன்."

எங்கள் மாதா கோயிலில் சாமியார் தீர்த்தம் மந்திரிக்கும்போது ஒரு பிடி உப்பையும் மந்திரித்துப் போடுவார். களிமண் துகள் எல்லாவற்றிலும் ஒரே வகை, மறை மின்னேற்றம் இருப்பதால்தான் அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. உப்புப் பட்டால் அந்தத் தள்ளல் தளர்ந்து, ஒன்றாக ஒட்டி அடியில் உட்கார்ந்துவிடும். பிறகு எவ்வளவு குலுக்கினாலும் பழையபடி ஆகாது.

"எவ்வளவு விட்டீங்க?"

"இருந்தது அம்புட்டும்."

அந்தத் தீர்த்தம் எதற்கு என்று எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை அவருக்குக் கண் ஒப்பரேஷன். அன்று காலை கண்ணில் தொட்டுக்கொண்டு போக, ஒரு மாதமாகத் தலைமாட்டில் வைத்திருந்தார். ஒப்பரேஷன் என்றால் அவருக்கு அவ்வளவு பயம்.

அவர் என் போத்தலை எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"எனக்கு மங்கலாத்தான் தெரியுது. தெளிஞ்சிருச்சா புள்ள?"

"தெளிஞ்சிருச்சு மாமி" என்றேன். "நல்லாத் தெளிஞ்சிருச்சு."