அம்மாவின் கார் புகையில்லாமல் மலையேறிய நாள்

அம்மா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இதில் பாதிக்கு மேல் ஒரு டீசல் காரில் படிந்த கரியைப் பற்றியே எழுதியிருக்கிறேன். இது முறையா என்று பலமுறை அடித்துத் திருத்தினேன். அம்மாவைத் தெரிந்தவர்கள் சரிதான் என்பார்கள் என்று நம்பி அப்படியே விட்டுவிட்டேன்.

அம்மா ரிஷிவந்தியத்தில் கூலி வேலை செய்த பெற்றோருக்குப் பிறந்தார். விடுமுறை நாட்களில் கரும்பு வெட்டப் போய்க்கொண்டே படித்து, கிராம செவிலியராகிக் கல்வராயன் மலையில் பணியில் சேர்ந்தார். அப்பா இளம் வயதிலேயே காலமானதால் என்னைத் தனியாக வளர்த்தார். பேருந்து வராத ஊர்களிலிருந்து பிரசவ வலியோடு வருபவர்களைக் கீழே கொண்டுவருவதற்காக ஒரு டீசல் கார் வாங்கி, தாமே ஓட்டக் கற்றுக்கொண்டார். அந்தக் காரிலேயே பிறந்தவர்களும் உண்டு. அவர்களில் சிலர் இதைப் படிப்பார்கள்.

ஓய்வுக்குப் பின் கள்ளக்குறிச்சியில் என்னோடு இருந்தார். கார் சந்தைக்கும் என் மகளின் பள்ளிக்கும் மட்டுமே போய்வந்தது. டீசல் மிச்சமாகும் என்று டாப் கியரிலேயே ஊர்ந்து போவார். நம் ஊரில் பலருக்கும் உள்ள பழக்கம்தான். எஞ்சின் சூடேறுமுன் வீடு வந்துவிடும். சரியாக எரியாத புகையெல்லாம் உள்ளேயே கரியாகப் படிந்தது. கார் மேட்டில் இழுக்காமல் கரும்புகை கக்கத் தொடங்கியது.

பதிவைப் புதுப்பிக்கும் நேரம் வந்தபோது புகைச் சோதனையில் கார் தேறவில்லை. மறுசோதனையிலும் தேறாவிட்டால் பழைய இரும்புக்குத்தான் போக வேண்டும். என் மகளுக்கு வீசிங் உண்டு. அதனால் காரைக் கொடுத்துவிடலாம் என்று நானே சொன்னேன். கார் போனால் அம்மா முடங்கிவிடுவாரே என்ற கவலையும் எனக்கு இருந்தது.

மெக்கானிக் பாபு, கார் ஓடியிருந்த தூரத்தைப் பார்த்துவிட்டு எஞ்சினையே மாற்றச் சொன்னார்.

“வயசான வண்டி நர்சம்மா. இன்னாத்துக்கு இதோட மல்லு கட்டிக்கினு?”

“சளி கட்டிக்கினு மூச்சு வுட முடியாம இருக்குது. அதுக்கு ஆளையே மாத்தச் சொல்றியே. நல்லவேளை, நீ டாக்டருக்குப் படிக்கல” என்றார் அம்மா.

பட்டறையே சிரித்தது. பாபு எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயைக் கழற்றினார். விரல் நுழையாத அளவுக்குத் தார் போல் கரி அப்பியிருந்தது. டீசலில் ஊறவைத்து, மூங்கில் குச்சியால் சுரண்டினார்கள். அம்மாவும் முக்காலியில் உட்கார்ந்து சுரண்டினார். உள்ளே மிச்சமிருக்கும் கரி எரிந்து வெளியேற, கீழ் கியரில் மலையேற்றிப் பார்க்கலாம் என்றார் பாபு. ஆனால் பாதி வழியில் நின்றால் தன்னைத் திட்டக் கூடாது என்றும் சொன்னார்.

அம்மா ஓட்ட, நானும் உடன் போனேன். கச்சிராயபாளையம் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் எஞ்சின் அலறியது. பின்னால் கரும்புகையில் சாலையே மறைந்தது.

“சத்தம் ஜாஸ்தியா வருதும்மா. கியர மாத்தும்மா.”

“இருடி. வலி எடுத்தா கத்தத்தான் செய்யும்.”

வளைவுக்கு வளைவு புகை வெளுத்தது. ஒரு கட்டத்தில் திரும்பிப் பார்த்தேன். பின்னால் வந்த பேருந்தின் ஊர்ப்பலகையைப் படிக்க முடிந்தது. மலைமேல் வெள்ளிமலையில் இறங்கியதும், மறுபடி வேலைக்கு வந்துவிட்டீர்களா என்று பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். “வண்டி பாசாவட்டும், வரேன்” என்றார் அம்மா.

கார் தேறியது. அம்மாவும் சொன்னபடியே போனார். புதன்தோறும் மலைக்குச் சென்று, கர்ப்பிணிகளைப் பரிசோதனைக்கு அழைத்து வந்தார். இறப்பதற்கு முந்தைய புதனன்றும் போய்வந்தார். ஒரு காலையில் மாரடைப்பு வந்தது. அதிகம் வேதனைப்படவில்லை என்றார் மருத்துவர்.

ஓடிவந்து தூக்கிய பக்கத்து வீட்டாருக்கும், சிகிச்சையளித்தவர்களுக்கும், மலையிலிருந்து லாரி பிடித்து வந்து அம்மாவைத் தோளில் சுமந்தவர்களுக்கும், பாபு அண்ணனுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

காரை விற்கிறீர்களா என்று துக்கத்துக்கு வந்த சிலர் கேட்டார்கள். விற்கவில்லை. நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். வளைவுகளில் இன்னும் மெதுவாகத்தான் திரும்புகிறேன், ஆனாலும் புதன்கிழமைகளில் போகிறேன். வழியில் பார்த்தால் கை காட்டுங்கள், நிறுத்துகிறேன்.